நீ சொன்னதுதான் சரி

"ஏங்க, அவியகிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லுதியளா?" என்றாள் பர்சானா, விருந்தாளியின் தட்டில் இன்னொரு ஆப்பத்தை வைத்தபடி. "லிபியால அந்த ஆளச் சண்ட போட்டு எறக்குனாவள்லா. பதினாலு வருசம் ஆச்சு. இப்பம் சனங்க நல்லாருக்காவளா?"

யூசுப் அதை அரபியில் சொல்லவில்லை. "சாப்பிடுத நேரத்துல அதெல்லாம் என்னத்துக்கு?" என்று மட்டும் சொன்னான்.

எதிரே, லிபியாவிலிருந்து வந்திருந்த ஃபரஜ் இடது காலை நீட்டி உட்கார்ந்து, தேங்காய்ப்பாலை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஒன்றரை மாதத்துக்கு முன் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் அந்த முழங்காலிலிருந்து இரண்டு இரும்புத் துணுக்குகளை எடுத்திருந்தார்கள். வடகரையில் தன் புரோட்டா கடையை மூடிவிட்டு, டாக்டர்களுக்கும் ஃபரஜுக்கும் நடுவே அரபியும் மலையாளமும் பேச யூசுப் கூடவே இருந்தான். ஃபரஜ் தினமும் நன்றி சொன்னான். ஒவ்வொரு தடவையும் யூசுப்புக்குக் கூச்சமாக இருந்தது. நன்றி சொல்ல வேண்டியவன் யார் என்று அவனுக்குத் தெரியும்.

இரண்டாயிரத்துப் பதினொன்றில், லிபியாவின் அஜ்தாபியா ஊரில் ஃபரஜின் அப்பா வைத்திருந்த ரொட்டிக் கடையில் யூசுப் மாவு பிசைந்துகொண்டிருந்தான். தெருவில் கூட்டம் கோஷம் போட ஆரம்பித்திருந்த நாட்கள். ஃபரஜுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தொண்டை கட்டிப்போய்த்தான் வீட்டுக்கு வருவான். ஒரு நாள் யூசுப், "தலைவர் எப்படிப்பட்டவராக இருந்தால் என்ன? ரொட்டி மலிவாகக் கிடைக்கிறதல்லவா?" என்று சொல்லிவிட்டான். ஃபரஜ் கையிலிருந்த தட்டைச் சுவரில் எறிந்தான். இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் ஊரே தீப்பிடித்துக்கொண்டது. வெளிநாட்டு ஆட்களைத் தலைவரின் கூலிப்படை என்று பிடிப்பதாகப் பேச்சு. பேசாதிருந்த அதே ஃபரஜ்தான் யூசுப்பை ரொட்டி வேனில் ஏற்றி, மேலே காலிச் சாக்குகளைப் போட்டு, பெங்காசிக்கு ஓட்டிப் போனான். வழியில் நான்கு இடத்தில் நிறுத்தினார்கள். கடைசி இடத்தில் ஒருவன் சாக்கை விலக்கித் துப்பாக்கியை நீட்டினான். "என் தம்பி. முதலில் என்னைச் சுடு" என்றான் ஃபரஜ். யூசுப் அவனைவிட ஆறு வயது மூத்தவன். இந்தியாவுக்குப் போகிறவர்களின் கப்பலில் ஏற்றிவிடும் முன், ஃபரஜ் அவனைத் துறைமுகத்தில் கட்டிப்பிடித்துச் சொன்னான்: "ஒரு வருஷத்தில் திரும்பி வா. இது வேறு நாடாக இருக்கும்."

திரும்பிப் போகிற மாதிரி எந்த வருஷமும் அமையவில்லை. பர்சானாவைக் கல்யாணம் பண்ணியதும், கடை போட்டதும், இரண்டு பிள்ளைகள் பிறந்ததும் அந்தக் கப்பலுக்குப் பிறகுதான்.

சாப்பிட்டு முடித்துப் பழைய குற்றாலத்துக்குக் காரில் போகும்போது ஃபரஜ் கேட்டான். "உன் மனைவி என்ன கேட்டாள்? லிபியா என்றது மட்டும் புரிந்தது."

யூசுப் சொன்னான். ஃபரஜ் முன்னால் பார்த்தபடி பேச ஆரம்பித்தான். சாரல் கண்ணாடியில் படிந்துகொண்டிருந்தது.

"முதல் வருஷம் கேட்டிருந்தால் சிரித்துக்கொண்டே ஆமாம் என்றிருப்பேன். வெளிநாட்டு விமானங்கள் வந்தபோது மொட்டைமாடியில் ஏறிக் கைதட்டினோம். பதினெட்டு வருஷம் சிறையிலிருந்த என் மாமா வீட்டுக்கு வந்தார். அதை நான் பொய் என்று சொல்லமாட்டேன். பிறகு விமானங்கள் போய்விட்டன. துப்பாக்கிகள் எங்களிடமே இருந்தன." முழங்காலைத் தடவினான். "இது அந்தத் தலைவருடைய ஆட்கள் சுட்டதில்லை. அவர் போய் மூன்று வருஷம் கழித்து, என்னோடு ஒரே லாரியில் சண்டைக்கு வந்தவன் சுட்டது. இன்றைக்கும் கிழக்கே ஒரு அரசாங்கம், மேற்கே ஒரு அரசாங்கம். நீ சொன்னதுதான் சரி, யூசுப். தட்டை எறிந்ததற்கு மன்னித்துவிடு."

இத்தனை வருஷமாக டிவியில் அந்த ஊரைப் பார்க்கும்போதெல்லாம் யூசுப் மனசுக்குள் சொல்லிக்கொண்ட வார்த்தைதான் அது: நான் சொன்னதுதான் சரி. இப்போது அதை ஃபரஜ் வாயால் கேட்டபோது அது இனிக்கவில்லை. சொல்ல நினைத்ததற்கு அரபியில் வார்த்தை கிடைக்காமல் தமிழில் ஆரம்பித்துவிட்டான்.

"இல்லலே. நான் பயந்துபோய்ச் சொன்னேன். எனக்கு அன்னைக்கு ரொட்டிதான் பெருசு." பிறகு நிதானமாக அரபியில் சொன்னான். "நாடு என்ன ஆனது என்று பேச எனக்குத் தகுதியில்லை. ஆனால் என்னைப் போல நினைக்கிற ஒருத்தன் அன்றைக்கு வேனை எடுத்திருக்கமாட்டான். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்திருப்பான். என் பிள்ளைகள் இன்றைக்கு இருக்கிறதே நீ தட்டை எறிகிற ஆளாக இருந்ததால்தான்."

ஃபரஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. யூசுப் வண்டியை ஓரம் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, அவன் அழுது முடிக்கும்வரை காத்திருந்தான்.

அருவியில் நல்ல தண்ணீர். எண்ணெய் தேய்த்த உடம்புகள் நெருக்கியடித்து நின்றன. பாறை வழுக்கியது. யூசுப் ஃபரஜின் ஒரு கையைப் பிடித்திருந்தான். ஃபரஜ் நொண்டுவதைப் பார்த்த ஒரு பெரியவர், "வெளியூர்க்காரவுகளா? வாங்க, வாங்க" என்று மற்ற கையைப் பிடித்தார். "ஏலே, கால் சரியில்லாதவுக வாராவ, தள்ளி நில்லுங்க" என்று யாரோ சத்தம் போட்டார்கள். நின்றிருந்தவர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் உண்டானது. அந்த இடத்தில் தண்ணீர் மட்டும், யார்மேலும் படாமல், நேராகப் பாறைமேல் விழுந்துகொண்டிருந்தது.