எதிர்க் கடை போர்டு

இர்விங் நகரில் சனிக்கிழமை காலை என்றால் தமிழ் வானொலி, தமிழ் வானொலி என்றால் ஆஸிபா. சொந்தத் தொழில் செய்கிறவர்களைத் தேடிப்பிடித்து உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசுவாள். அதற்குச் சம்பளம் கிடையாது. கொடுத்தாலும் வாங்க முடியாது. கணவன் ஜுஹைரின் விசாவோடு ஒட்டிக்கொண்டு வந்தவளுக்கு வேலை பார்க்க அனுமதியில்லை. கிரீன் கார்டு வந்தால்தான் உண்டு. அதுவும் ஆறு வருஷமாக இதோ வருகிறது, அதோ வருகிறது என்றுதான் இருக்கிறது.

அன்றைய விருந்தாளி பேரின்பநாதன். யாழ்ப்பாணத்துக்காரர், பக்கத்து ஊரான காப்பெலில் டிரை கிளீனிங் கடை வைத்திருப்பவர்.

"கடை திறந்த முதல் நாள் எப்படி இருந்துச்சு அங்கிள்?" எல்லாரிடமும் அவள் கடைசியாகக் கேட்கிற கேள்வி அது.

"ஒருத்தரும் வரேல்ல பிள்ளை. பின்னேரம் என்ர மனிசி பின்கதவாலை போய், சுத்திக்கொண்டு முன்வாசலாலை வந்தா. 'எக்ஸ்கியூஸ் மீ, இந்தச் சீலை நாளைக்குக் கிடைக்குமோ?' எண்டு கேட்டா. நானும் சிரிக்காமல் ரசீது எழுதிக் குடுத்தனான்."

ஆஸிபா சிரித்துக்கொண்டே பாட்டைப் போட்டாள். ஆனால் அவள் கண் முழுக்க அவர் மூக்கில்தான் இருந்தது. கண்ணாடி சரிவதும் அவர் ஏற்றிவிடுவதுமாக இருந்தது.

"அந்தக் கண்ணாடிய ஒரு நிமிஷம் குடுங்க அங்கிள்."

"அயர்ன் சூடு பட்டு வளைஞ்சிட்டுது. புதுசு வாங்கச் சொல்லுறாங்கள்."

"புதுசா? எதுக்கு?" கைப்பையிலிருந்து விரல் நீளத் திருப்புளி ஒன்றை எடுத்துத் திருகாணியை முடுக்கினாள். பிறகு கண்ணாடியின் காதுப்பக்கத்தை, ஆவி பறக்கிற அவருடைய தேநீரிலேயே முக்கினாள்.

"ஐயோ, என்ர தேத்தண்ணி!"

"வேற போட்டுத் தரேன். இளகினாத்தான் வளையும்." வளைத்து, துடைத்து, அவர் காதில் மாட்டினாள். "குனிங்க. இப்ப தலைய ஆட்டுங்க."

கண்ணாடி அசையவில்லை. பாட்டு முடிந்து, ஒலிபரப்பு தொடங்கியதற்கான சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எல்லாரையும் முதல் நாளைக் கேக்கிறீர். உது கடை வைச்சிருந்த ஆளின்ர கை. உம்மடை கடையிலை கடைசி நாள் எப்பிடிப் பிள்ளை?"

கேட்டுக்கொண்டிருக்கிற வீடுகளையெல்லாம் அவள் ஒரு கணம் மறந்துபோனாள்.

"ராயப்பேட்டைல கண்ணாடிக் கடை அங்கிள். வசந்தாமணின்னு ஒரு டீச்சர் ஆர்டர் குடுத்தாங்க. வியாழக்கிழமை வாங்கன்னு சொல்லிட்டேன். செவ்வாய்க்கிழமை எனக்கு ஃபிளைட். யார் வந்தாலும் கண்ணாடிய மாட்டிவிட்டு, வாசலுக்குக் கூட்டிட்டுப் போய் எதிர்க் கடை போர்டைப் படிக்கச் சொல்லுவேன். அப்ப அவங்க மூஞ்சி மாறும் பாருங்க... அதுக்காகத்தான் கடையே. டீச்சர அந்த போர்டை யாரு படிக்கச் சொன்னாங்களோ."

பேரின்பநாதன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து ஜன்னலருகே போய் நின்றார்.

"கேளும் பிள்ளை. வாசிக்கிறன். எதிரிலை டயர்க் கடை. சனிக்கிழமையும் திறந்திருக்குமாம்."

ஆஸிபாவும் எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றாள், ராயப்பேட்டையில் நிற்பதுபோலவே, ஒரு கை இடுப்பில்.

"கண்ணைச் சுருக்காதீங்க. அதுக்குக் கீழ சின்ன எழுத்து?"

அவர் வாயெடுத்தார், நிறுத்தினார். அந்த வரியைச் சனிக்கிழமை தவறாமல் பார்க்கிறவள் அவள்.

"படிங்க அங்கிள்."

"வேலைக்கு ஆள் தேவை எண்டு போட்டிருக்கு."

"நல்லாத் தெரியுது உங்களுக்கு," என்றாள் ஆஸிபா.