ஆறாவது எபிசோடில் பதினொன்றாம் அறை

1

இந்தக் கதை என் கற்பனையில் பிறக்கவில்லை. ஒரு சாப்பாட்டு இடைவேளையில் சுகிர்தா தன் மொபைலை என் முன்னால் நீட்டி, "அண்ணாச்சி, இந்தப் படத்துல கதவுக்கு வெளிய எத்தன ஜோடி செருப்பு இருக்குன்னு எண்ணுங்க" என்றாள். எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கியது.

சிவகாசியில் ஓர் அச்சாபீஸில் நான் பிழை திருத்துகிறேன். காலண்டர், பட்டாசுப் பெட்டி லேபிள், கல்யாணப் பத்திரிகை என்று பதினெட்டு வருடமாக எழுத்துகளைச் சந்தேகப்பட்டே பிழைத்து வருகிறேன். எப்போதாவது சிறுகதை எழுதுவேன். சுகிர்தா அதே அச்சாபீஸில் லேபிள் டிசைன் செய்கிறாள். வயது இருபத்தாறு. ஊர் விஸ்வநத்தம்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

'வெம்பக்கோட்டை வானத்தை அன்று கரும்புகை விழுங்கியபோது, செல்லக்கனி என்ற அந்தப் பேதைப் பெண்—'

(நிறுத்திவிட்டேன். சுகிர்தா இந்த வரியைப் படித்துவிட்டு, "எங்கக்கா பேதை கிடையாது. மேஸ்திரிகிட்டயே சண்டை போடும்" என்றாள்.)

ஆகவே நேராகச் சொல்கிறேன். சுகிர்தாவின் அக்கா செல்லக்கனி. ஆறு வருடத்துக்கு முன்னால் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பயர் ஆபீஸில்* நடந்த வெடிவிபத்தில் இறந்த நால்வரில் ஒருத்தி. ஒன்பதாம் அறையில் அவள் வெடிமருந்துத் தட்டைத் தரையில் இழுத்தாள், அந்த உராய்வில் தீப்பிடித்தது என்று விசாரணையில் எழுதினார்கள். இறந்தவர்களில் கருத்தப்பாண்டி என்பவரும் இருந்தார். அவர் மனைவி கற்பகவல்லி, சுகிர்தாவுக்கு அத்தை முறை, அதே தெருதான். அன்றிலிருந்து சுகிர்தாவின் அம்மா பொன்னுத்தங்கத்திடம் அவர் பேசவில்லை. தெருவில் பாதிப்பேர் பேசவில்லை.

(*பட்டாசு ஆலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். நெருப்பும் ஆபீஸும் ஒரே சொல்லில் சேர்ந்திருப்பது யாருக்கும் உறுத்தியதில்லை.)

2

சுகிர்தா எனக்குக் காட்டியது ஒரு கார்ட்டூன். 'நெப்டியூன் மெஸ்' என்று வைத்துக்கொள்வோம். (தேடாதீர்கள், கிடைக்காது. உண்மைப் பெயரை எழுதினால் ஒருவனுடைய வேலை போகும்.) நெப்டியூனைச் சுற்றும் ஓர் ஓட்டை விண்கலத்தில் ஓர் அம்மாள் மெஸ் நடத்துகிறார். பரிமாறுவது தூக்குவாளி என்ற ரோபோ. யார் எதைக் கேட்டாலும் அதைப் பக்கத்து மேசையில் கொண்டுபோய் வைக்கும்.

இந்தத் தொடரின் பின்னணியில் ஒளித்து வைத்திருப்பதையெல்லாம் தேடிப்பிடித்து வீடியோ போடுவது சுகிர்தாவின் பொழுதுபோக்கு. ஆறாவது எபிசோடில் மட்டும் இருபத்திரண்டு பிடித்திருந்தாள். இரண்டாவது எபிசோடில் இடியாப்பம் கேட்ட மூன்று கண் ஆசாமி இதிலும் அதே மூலையில் காத்திருக்கிறான், தாடி வளர்ந்திருக்கிறது. முதல் எபிசோடில் தோசைக்கல் விழுந்து தூக்குவாளியின் முதுகில் ஏற்பட்ட ஒடுக்கு இன்னும் இருக்கிறது. ஒரு கிரகத்தின் வளையம் உற்றுப் பார்த்தால் தரைச்சக்கரம். இருபத்திரண்டையும் அவள் சிரித்துக்கொண்டே சொல்லும் வீடியோவை நான் பார்த்தேன். நன்றாகவே சொல்கிறாள்.

இருபத்துமூன்றாவதை அவள் வீடியோவில் சொல்லவில்லை.

தூக்குவாளி ஒரு கைவிடப்பட்ட விண்கலத்தின் சரக்குக் கிட்டங்கிக்குள் நுழைகிறது. மூன்று விநாடிதான். சுவரில் '11' என்றும் கீழே 'ஆட்கள் 4' என்றும் எழுதியிருக்கிறது. பட்டாசு அறைச் சுவர்களில் அறை எண்ணும், உள்ளே எத்தனை பேர் இருக்கலாம் என்ற கணக்கும் இருப்பது போலவே. வாசலில் செருப்புகள். நான் எண்ணினேன், ஐந்து ஜோடி, கணக்குக்கு ஒன்று அதிகம். ஒரு ஜோடியில் இடது நீலம், வலது பச்சை. பச்சைச் செருப்பில் சின்னதாக ஒரு நட்சத்திரம்.

"விண்வெளிக் கதைதானம்மா, நட்சத்திரம் போட்டிருக்காக" என்றேன்.

"அந்த நட்சத்திரத்தப் போட்டது நான், அண்ணாச்சி. பால்பாயிண்ட் பேனாவுல. அது என் செருப்பு. அக்காவுக்கு வலது வார் அந்து போச்சுன்னு அன்னைக்குக் காலையில என்னோடதப் போட்டுட்டுப் போச்சு."

பட்டாசு அறைக்குள் செருப்புப் போடக்கூடாது. வெளியே கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும். ஒன்பதாம் அறையில் இருந்ததாக எழுதப்பட்டவளின் செருப்பு பதினொன்றாம் அறை வாசலில் எப்படி வந்தது?

எனக்கு உடனே தோன்றியது சந்தேகம்தான், அவள்மேல். ஒளிந்திருப்பதைத் தேடியே பழகிய கண். ஆறு வருடத் துக்கம். எங்கும் அக்கா தெரியத்தானே செய்வாள்? பச்சைச் செருப்பு ஊரில் ஒன்றுதானா? இதை வாய்விட்டே கேட்டேன்.

அவள் கோபப்படவில்லை. எபிசோட் முடிந்து ஓடும் பெயர்களை நிறுத்திக் காட்டினாள். பின்னணி ஓவியம்: ர. முனியராஜ், ஆமத்தூர். "ஊர் பேர எதுக்கு அண்ணாச்சி போடணும்? வேற யாரும் போடலயே. அதும் நமக்குப் பக்கத்து ஊரு."

3

முனியராஜ் சென்னையில் வேலை பார்க்கிறான். சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு ஆமத்தூர் வந்திருப்பதாகத் தெரிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் வண்டியில் போனோம்.

(இங்கே அவனை ஒரு கள்ளமுழிக்காரனாக வர்ணித்திருந்தேன். அழித்துவிட்டேன். சாதாரணமாகத்தான் இருந்தான். லேசாகத் தொப்பை, மூக்குக்கண்ணாடி.)

கார்ட்டூன் ரசிகை என்றதும் சந்தோஷமாகப் பேசினான். தாடிக்காரனைக் கண்டுபிடித்ததற்குக் கைகுலுக்கினான். சுகிர்தா மொபைலில் அந்தப் படத்தைக் காட்டினாள்.

"இது சும்மா... ஏதோ ரெஃபரன்ஸ் பாத்து வரைஞ்சது."

"எந்த ரெஃபரன்ஸ்?"

"ஞாபகமில்லங்க."

"நான் செல்லக்கனி தங்கச்சி."

அவன் மொபைலைத் திருப்பிக் கொடுத்தான். அந்த நேரத்தில் உள்ளிருந்து வேட்டியை மடித்துக் கட்டியபடி ஒரு பெரியவர் வந்தார். ரத்தினசாமி, அவன் அப்பா.

"வாங்க, வாங்க. சாப்பிட்டீகளா? எந்த ஊரு?"

"விஸ்வநத்தம். செல்லக்கனி தங்கச்சி" என்றாள் மறுபடி.

பெரியவர் முகம் மாறவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பாவம், நல்ல புள்ள. ஒம்பதாம் ரூம்லதான் இருந்துச்சு" என்றார்.

யாரும் அவரிடம் எந்த அறை என்று கேட்கவில்லை.

முனியராஜ் எழுந்து, "கொஞ்சம் வெளிய போய்ப் பேசுவோமா?" என்றான். கண்மாய்க் கரைவரை நடந்தோம். அங்கே நின்று அவன் சொன்னதை, முடிந்தவரை அவன் வார்த்தையிலேயே தருகிறேன்.

"எங்கப்பா அங்கன போர்மேன். இன்ஸ்பெக்ஷன் வருதுன்னு ரூம் நம்பரெல்லாம் புதுசா எழுத என்னையக் கூட்டிட்டுப் போனாரு. பதினொண்ண எழுதி முடிச்சிட்டு மேனேஜருக்குக் காட்ட ஒரு போட்டோ எடுத்தேன். அக்கா செருப்பு ரெண்டு கலர்ல இருக்கவும், என்னக்கா இதுன்னு கேட்டேன். தங்கச்சியோடதுன்னு சிரிச்சுச்சு. அப்புறம் பன்னெண்டாம் நம்பர் எழுத ஆரம்பிச்சேன். அக்கா பதினொண்ணு வாசல்ல நின்னு, ஏலே, வெயிலு ஏறுது, செத்த நெழல்ல ஒக்காந்துட்டு வந்து எழுதுலேன்னுச்சு. போனேன். வேம்புக்குக் கீழ ஒக்காந்தேன். ஒம்பதுதான் மொதல்ல வெடிச்சுச்சு. அக்கா அப்பயும் பதினொண்ணு வாசல்லதான் நின்னுச்சு. நான் பாத்துக்கிட்டே இருந்தேன், அதுக்குள்ள தீ அங்கயும் தாவிருச்சு."

"அப்ப ஒம்பதுல என்ன நடந்துச்சு?"

"முந்தின நாள் மிஞ்சின மருந்து. அத ராத்திரி வைக்கக் கூடாது. வைக்கச் சொன்னது எங்கப்பா."

சுகிர்தா மொபைலில் அந்த மூன்று விநாடியை இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "ஆறு வருசம் சொல்லாம இருந்துட்டு, கார்ட்டூன்ல வரைஞ்சா சரியாப் போச்சா?"

"யாராவது கண்டுபிடிக்கணும்னுதான் போட்டேன். போட்டப்புறம், கண்டுபிடிச்சிரக் கூடாதேன்னும் இருந்துச்சு."

"போட்டோ இருக்கா?"

"இருக்கு. அனுப்புறேன்."

நான் நம்பவில்லை. இப்படி 'அனுப்புறேன்' என்று சொன்னவர்களை அச்சாபீஸில் தினமும் பார்க்கிறேன்.

4

படம் அன்று சாயங்காலமே வந்துவிட்டது. சுவர், ஈரம் காயாத 11, வாசலில் ஐந்து ஜோடி செருப்பு, நீலமும் பச்சையும். நட்சத்திரம் மட்டும் ஒரு புள்ளியாகத்தான் தெரிந்தது. படம் எடுத்த தேதியும் நேரமும் இருந்தன: வெடிப்புக்கு நாற்பது நிமிடம் முன்பு.

நாற்பது நிமிடத்தில் ஒருத்தி வெறுங்காலோடு ஒன்பதாம் அறைக்குப் போயிருக்க முடியாதா? இந்தப் படம் மட்டும் போதாது. முனியராஜின் வாய்மொழி சேர்ந்தால்தான் அது சாட்சி.

ஆமத்தூரிலிருந்து திரும்பும்போதே சுகிர்தா பின்னாலிருந்து என்னைக் கேட்டிருந்தாள்: "நீங்க எதுக்கு அண்ணாச்சி எனக்காக இம்புட்டு அலையுறீக?"

"கதைக்காக" என்றேன்.

அது பாதிதான் உண்மை. மீதியை இங்கே எழுதுகிறேன். இந்தப் பத்தியை மூன்றுமுறை எழுதி மூன்றுமுறை கிழித்தேன். முதல் வடிவத்தில் 'அச்சாபீஸில் யாரோ' என்று இருந்தது. இரண்டாவதில் 'நாங்கள்'. மூன்றாவதில்—

நான். விபத்து நடந்த மாதம் எங்கள் அச்சாபீஸுக்குப் பாதுகாப்புத் துண்டறிக்கை ஆர்டர் ஒன்று வந்தது. பட்டாசுத் தொழிலாளர்களுக்குக் கொடுப்பதற்கு. 'கவனக்குறைவு உயிரைப் பறிக்கும்' என்று தலைப்பு. அதில் உதாரணமாகச் செல்லக்கனியின் பெயர் இருந்தது. ஒன்பதாம் அறை இருந்தது. தரையில் இழுத்த தட்டு இருந்தது. அப்போது விசாரணை முடியக்கூட இல்லை. பெயரை 'செல்லகனி' என்று அடித்திருந்தார்கள். நான் 'க்' சேர்த்தேன். பிழையில்லை என்று கையெழுத்துப் போட்டேன். பல்லாயிரம் பிரதிகள் போயின. தெருவில் ஒட்டினார்கள், பயர் ஆபீஸ் வாசல்களில் ஒட்டினார்கள். கற்பகவல்லிக்கு யார் படித்துக் காட்டினார்களோ தெரியாது.

இரண்டு வருடம் கழித்துச் சுகிர்தா எங்களிடம் வேலைக்குச் சேர்ந்தாள். அவள் யார் என்று தெரிந்த நாளிலிருந்து அவள் மேசைப் பக்கம் போகவே எனக்குத் தயக்கம். சந்தேகப்படுவதற்காகவே வேலைக்கு வைக்கப்பட்டவன் நான். அன்று எழுத்தை மட்டும் சந்தேகப்பட்டேன்.

5

திங்கட்கிழமை விருதுநகரில் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டம். முனியராஜ் வருவதாகச் சொல்லியிருந்தான். பத்து மணி ஆயிற்று, பத்தரை ஆயிற்று. மொபைலை எடுக்கவில்லை. "வரமாட்டான், அப்பன் விடமாட்டாரு" என்றேன். சுகிர்தா மனுவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வரிசையில் நகர்ந்துகொண்டிருந்தாள்.

எங்களுக்கு முன்னால் ஆறு பேர் இருக்கும்போது வந்தான். கண்ணாடி இல்லை, கன்னம் வீங்கியிருந்தது. பார்த்ததைத் தன் கையால் எழுதிக் கையெழுத்திட்டு மனுவோடு இணைத்தான். அப்பா பெயரையும் எழுதினான். எழுத்து வரிசையாக, அழகாக இருந்தது. ஒரு பிழைகூட இல்லை.

மறுவிசாரணைக்கு அனுப்பியிருப்பதாக இப்போது பதில் வந்திருக்கிறது. என்ன ஆகும் என்று தெரியாது. கடுதாசிகள் எங்கே போய் உட்காரும் என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கையில்லை.

6

இதற்கு மேல் கதைக்கு முடிவு வேண்டுமே என்று இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: சுகிர்தா கற்பகவல்லியிடம் படத்தைக் காட்டுகிறாள். கற்பகவல்லி ஓடிவந்து பொன்னுத்தங்கத்தைக் கட்டிக்கொண்டு கதறுகிறார்.

இரண்டாவது: கற்பகவல்லி படத்தைக் கிழித்துப் போடுகிறார். ஆறு வருடமாகக் கோபப்பட ஓர் ஆள் இருந்தாள். இப்போது அவளும் இல்லை.

இரண்டையும் சுகிர்தாவிடம் படித்துக் காட்டினேன். "ரெண்டுமில்ல" என்றாள். "அத்தைகிட்டப் படத்தக் காட்டுனேன். பாத்தாக. மறுநா காலையில எங்க வீட்டுக்கு வந்து, கூடம் ஓரமா ஒக்காந்து, அம்மா ஆஞ்சுக்கிட்டிருந்த முருங்கக்கீரைய ஒரு கை எடுத்து ஆஞ்சாக. அம்மா தள்ளி ஒக்காந்து எடம் விட்டுச்சு. கீர முடியுற வரைக்கும் ரெண்டு பேரும் பேசல. போகயில, ஒனக்கு மூட்டுவலி எப்பிடியிருக்குன்னு கேட்டாக. அம்புட்டுதான் அண்ணாச்சி."

"அழுதாகளா?"

"நீங்க ஏன் எல்லாரையும் அழவைக்கப் பாக்குறீக?"

அவள் சொன்னபடியே எழுதிவிட்டேன். இதோடு கதை முடிந்தது என்று நீங்கள் நினைத்தால் எனக்கு வசதிதான். நான்காம் பகுதியை மட்டும் எடுத்துவிட்டு அவளிடம் கொடுத்திருக்கலாம். கதை இன்னும் கச்சிதமாக இருந்திருக்கும். யாரும் என்னைச் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள்.

7

இன்று மத்தியானம் ஆறு பகுதியையும் அச்செடுத்து அவள் மேசையில் வைத்தேன்.

"பிழை பாக்கவா அண்ணாச்சி?"

"பாரு" என்றேன்.

இந்தக் கடைசிப் பகுதியை, கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து இப்போதுதான் எழுதுகிறேன். முதல் பக்கத்தில் அவள் இரண்டுமுறை சிரித்தாள். இரண்டாம் பக்கத்தில் ஏதோ அடித்துத் திருத்தினாள். மிஷின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை.

வாசகரிடம் முடிவை ஒப்படைப்பது இந்த மாதிரிக் கதைகளில் வழக்கம். என்னால் முடியவில்லை, மன்னியுங்கள். நீங்கள் என்னை மன்னித்துவிடுவீர்கள். தண்டித்தாலும் அழகாகத் தண்டிப்பீர்கள். அந்த உரிமை உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

அவள் மூன்றாம் பக்கத்துக்கு வந்துவிட்டாள். நான்காம் பகுதி அங்கேதான் இருக்கிறது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் தாளைப் பிடித்து, படித்துக்கொண்டிருக்கிறாள்.