பட்டனில் பூசிய பாலிஷ்

என் தம்பி ஸாகிப்புக்கு மினுக்கல் என்றால் உயிர். சர்வீஸுக்கு வரும் ஸ்கூட்டருக்கு டயர் பாலிஷ் போடாமல் திருப்பித் தரமாட்டான். பக்கவாட்டில் மட்டும் பூசினால் தொலையட்டும் என்று விடலாம். தரையில் படுகிற பக்கம், நாங்கள் பட்டன் என்போம், அதிலும் தேய்த்து வைப்பான். ரப்பர் அமுங்கி, ரோட்டின் சொரசொரப்புக்குள் இறங்கி உட்காருவதால்தான் பிரேக் பிடித்தால் வண்டி நிற்கிறது. நடுவில் எண்ணெய் வந்துவிட்டால் ரப்பருக்குத் தரை எட்டாது. தண்ணீரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பதினெட்டு வருஷமாக டயரோடு மல்லுக்கட்டுகிறவன் நான். அவன் மண்டையில் இது ஏறாது.

சொல்லவும் வழியில்லை. அத்தா மௌத்தாகி அவரை அடக்கிய பிறகு முத்தியால்பேட்டை பட்டறை எங்கள் இருவருக்கும் பொது. யார் பெரியவன் என்று நாங்கள் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு நின்ற அன்று அம்மா ஒரு ஏற்பாடு செய்தாள்: ஒருத்தன் வண்டியை இன்னொருத்தன் தொடக்கூடாது, குறையும் சொல்லக்கூடாது. இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவன் தும்மினால்கூட எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வியாழக்கிழமை வேம்புவின் ஸ்கூட்டர் அவனிடம் வந்தது. வைத்திக்குப்பத்துக்காரி. விடிவதற்குள் தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து, பெட்டியோடு தெருத்தெருவாக விற்பவள். சாயங்காலம் வண்டியை எடுத்துப் போனாள். பட்டன் பளபளவென்று மின்னியது. பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை அவள் வலது கையில் மாவுக்கட்டோடு வந்து நின்றாள். ஸ்கூட்டரைக் குட்டியானை வேனில் ஏற்றி வந்திருந்தாள். வெள்ளிக்கிழமை காலையிலேயே துறைமுக வாசலில் பிரேக் பிடித்ததும் வழுக்கி விழுந்திருக்கிறாள்.

"கைய ஒடிச்சிட்டியேடா! ஆறு வாரம் பொட்டியத் தூக்கக்கூடாதாம். நான் எத்த தின்றது?" என்று ஸாகிப்பிடம் கத்தினாள்.

"மீன் தண்ணியில எவன் வண்டியும்தான் வழுக்கும். நீ மெதுவா போயிருக்கணும்," என்றான் அவன்.

இதற்காகத்தானே காத்திருந்தேன். அம்மாவின் ஏற்பாடாவது மண்ணாவது. பின் டயரின் பட்டன் பள்ளத்தில் விரலை ஓட்டி அவள் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"மோந்து பாருக்கா. பாலிஷ். இத பட்டன்ல பூசுனா டயர் எங்க புடிக்கும்? அன்னிக்கு வண்டி வெளிய போவும்போதே பாத்தேன். இவன் எவனையாவது சாவடிக்கப்போறான்னு அப்பவே நெனச்சேன்."

ஸாகிப்பின் முகம் செத்துப்போனது. எனக்கு வயிறு குளிர்ந்தது.

வேம்பு அவனை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அப்பவே பாத்தியா?"

"ஆமாக்கா."

"நான் அதுமேல ஏறி ஒக்காந்ததையும் பாத்த."

நீட்டிய விரலை மடக்கிக்கொண்டேன்.

"அவனுக்கு அறிவில்ல, பூசிட்டான். உனக்கு என்னா கேடு பாய்?"

பதில் இருந்தது. என் தம்பி நாலு பேர் முன்னால் அசிங்கப்பட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்தக் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.