அடுத்த ஆட்டம் அம்மாவுக்கு

1

இந்தக் கதை ஒரு கடை வாசலில் பிறந்தது. செல்போன் பழுதுபார்க்கும் கடை. அங்கே பழைய கையடக்க வீடியோ கேம் ஒன்று விற்பனைக்கு இருந்தது. சாம்பல் நிறம், வெயில் பட்டு மஞ்சளித்த ஓரம். ஒரு பெண் அதைக் கையில் வாங்கினாள், திருப்பிப் பார்த்தாள், ஒரு பொத்தானைக்கூட அழுத்தாமல் கொடுத்துவிட்டாள். அவள் முகத்தில் இருந்தது பயம். விளையாட்டுச் சாமானைப் பார்த்து நன்றாக வளர்ந்த மனுஷி ஏன் பயப்பட வேண்டும்?

2

முதல் தொடக்கம்: “அவளுக்கு விளையாட்டு என்றாலே பிடிக்காது. சிறுவயதில்” [அடித்துவிட்டேன். பச்சைப் பொய்.]

இரண்டாவது: “பள்ளி ஆசிரியையான அவள்” [எத்தனை கதைகளில்தான் பாவம் ஆசிரியைகள் கஷ்டப்படுவார்கள்?]

மூன்றாவது தேறியது. அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பவள். பதினெட்டு வருட அனுபவம். கைக்குழந்தையின் நூல் போன்ற நரம்பையும் ஒரே குத்தில் பிடிப்பாள். “குத்தினதே தெரியலம்மா” என்று சொல்லாமல் யாரும் எழுந்து போனதில்லை. போன வாரம் ஒரு பெரியவருக்கு இரண்டு தடவை குத்த வேண்டியதாயிற்று. வயதானவர்களின் நரம்பு நழுவும், யாருக்கும் நேர்வதுதான். ஆனால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அவளுக்கு வயது நாற்பத்திரண்டு. அவளுடைய அப்பாவுக்கு நடுக்குவாதம், அதாவது பார்க்கின்சன் நோய், தொடங்கியது நாற்பத்து நான்கில்.

3

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

அவர்கள் வீட்டிலும் இதே கேம் இருந்தது. மேலிருந்து கட்டைகள் விழும், இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். நேரம் ஆக ஆக வேகம் கூடும். அப்பாவும் மகளும் மாறி மாறி ஆடுவார்கள். பீரோ கதவின் உட்புறம் ஒட்டிய தாளில் அப்பா பேனாவால் புள்ளிகளை எழுதுவார். அவளுக்குப் பதிமூன்று வயதானபோது முதல் தடவையாக அப்பாவைத் தோற்கடித்தாள். கட்டில் கிறீச்சிட ஏறிக் குதித்தாள்.

“அப்பா தோத்தாங்கோளி! தோத்தாங்கோளி!”

அப்பாவும் சிரித்தார். வலது கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

அதன்பின் அவர் ஜெயிக்கவே இல்லை. தாளில் அவர் எழுதும் எண்களும் சிறுத்துக்கொண்டே வந்தன. அவர் எச்சில் கையால் காக்காய் ஓட்டாத மனிதர் என்பது ஊரறிந்த விஷயம். அதனால் அம்மா, “பேப்பர்ல இடம் மிச்சம் பிடிக்கிறாராம்” என்றாள். வீடே சிரித்தது. இரண்டு வருடம் கழித்து ஒரு டாக்டர் அப்பாவிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, பெயரைப் பத்துத் தடவை எழுதச் சொன்னார். நடுக்குவாதம் வந்தால் கையெழுத்து சிறுத்துவிடுமாம். அது வரிக்கு வரி சுருங்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்த மகளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.*

* அந்தப் பீரோத் தாள் என் கற்பனையில்லை. இந்தக் கதையை நான் கணினியில் எழுதுகிறேன். அதில் எழுத்து சிறுத்துப் போகாது.

4

அவளுடைய மகளுக்கு இப்போது பதிமூன்று. வீட்டில் கூப்பிடுவது வாலு என்று. கடையில் கேமைக் கண்டுபிடித்தது வாலுதான்.

“அம்மா, அதை வாங்கித் தாயேன். நீ அதுல பெரிய புலியாமே? மாமா சொன்னாரு.”

“உன் போன்ல இல்லாத கேமா?”

“போன்ல நீ என்கூட ஆட மாட்டேங்கிறியே. இதுல ஆடு. யார் ஜெயிக்கிறாங்கன்னு பாக்கலாம்.”

கடைக்காரரும் சேர்ந்துகொண்டார். “பொத்தான் எல்லாம் நல்லா வேலை செய்யுது. ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்களேன்.”

“அப்புறம் வரேங்க.”

“இன்னொருத்தரும் கேட்டிருக்காரு. சாயங்காலம் வரைக்கும் எடுத்து வெக்கிறேன்.”

வேலைக்குப் போனவள் ரத்தக் குப்பிகளில் பெயர் எழுதி ஒட்டினாள். பிறகு போன வருடத்துப் பதிவேட்டை எடுத்துத் தன் கையெழுத்தை ஒப்பிட்டாள். இப்போது கொஞ்சம் சின்னதோ? அரண்டவள் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அடுத்து வந்த குழந்தையின் கையில் நரம்பை இரண்டு தடவை தடவிப் பார்த்தாள். ஒரே குத்தில் எடுத்துவிட்டாள். பயம் மட்டும் போகவில்லை.

5

முடிவு அ: வாங்கவில்லை. [பயம் கடையோடு நின்றுவிடுமா? ஒவ்வொரு ஊசியிலும் கூடவே வரும். குத்து வாங்கப்போவது ஊரார் பிள்ளைகள்.]

முடிவு ஆ: வாங்கினாள், ஆடினாள், ஜெயித்தாள். வாலு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். [நான்கு தடவை எழுதிப் பார்த்தேன். நானே நம்பவில்லை.]

முடிவு இ: வாங்கினாள், தோற்றாள். வாலு கட்டிலில் ஏறி

பதிமூன்று வயது விரலிடம் நாற்பத்திரண்டு வயது விரல் தோற்பது இயற்கைதான். அதை வைத்து எந்த டாக்டரும் நோய் என்று சொல்லமாட்டார். அவளுக்கும் தெரியும். ஆனால் அவள் நடுங்குவது தோல்விக்கு இல்லை. மகள் குதிப்பாள். பிறகு ஒருநாள் காரணம் தெரியவரும். அந்தக் குதியை மகள் ஆயுளுக்கும் சுமப்பாள், தான் சுமப்பதுபோல.

6

சாயங்காலம் போய் வாங்கிவிட்டாள். அந்தத் திரைக்கு உள்வெளிச்சம் கிடையாது. ஜன்னலோரம் உட்கார்ந்து வாலு முதலில் ஆடி முடித்தாள்.

“ம், இப்ப நீ.”

அவள் வாங்கிக்கொண்டாள். கட்டை விரலைப் பொத்தான்மேல் வைத்து

இதற்குமேல் எனக்கு வரவில்லை. கடையில் ஒரு பெண்ணின் முகத்தில் பயம் இருந்தது என்றேன் அல்லவா? கண்ணாடிப் பெட்டியில் தெரிந்த என் முகத்தைத்தான் பார்த்தேன். ஊசி வேலை மட்டும் கற்பனை. கேம் மூன்று வாரமாக என் மேசைமேல் இருக்கிறது. “அம்மா, எழுதி முடிச்சாச்சா? ஆடலாமா?” என்று கதவுக்கு வெளியே குரல் கேட்கிறது.

முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். யாரை வேண்டுமானாலும் ஜெயிக்க வையுங்கள். மகள் ஜெயித்தால் ஆசை தீரக் குதிக்கட்டும், யாரும் அதட்ட வேண்டாம். எனக்காக ஒரே ஒரு வரி மட்டும் சேர்த்துவிடுங்கள்: அன்றைக்கு அப்பா நிஜமாகவே சந்தோஷப்பட்டுத்தான் சிரித்தார் என்று.