லைசென்ஸ் இல்லாத அனுபவம்

புலம்பெயர்ந்து வந்து குடியேறிய வில்லரேப் பகுதியில் எந்தத் தமிழ்க் குடும்பம் வீடு வாங்கினாலும், சிவநேசம் போய் வாசலின் திசை பார்த்து, பேஸ்மென்ட் நிலவறையில் ஈரவாடை அடிக்கிறதா என்று மோந்து பார்த்து, விலையை அடித்துப் பேசிய பிறகுதான் வாங்கும். அவர் வேலை செய்த தையல் ஆலையை மூடி அவரை வீட்டுக்கு அனுப்பியபோது, அதையே தொழிலாக்கத் தரகர் லைசென்ஸ் எடுத்தால் என்ன என்று தோன்றியது. நீண்ட படிப்பு ஒன்று குறுக்கே நின்றது. ‘வேலை அனுபவம் காட்டினால் படிப்பில் பாதி தள்ளுபடி’ என்று யாரோ சொல்லிவிட்டார்கள். தள்ளுபடி என்று கேட்டபின் சிவநேசத்தை யார் மறிப்பது?

மறுநாளே, வீட்டுத் தரகு நிறுவனம் நடத்தும் நிருஷாவின் முன்னால் உட்கார்ந்து கைபேசியை நீட்டினார். அவர் வீடு எடுத்துக் கொடுத்த துஷாந்தினி அதில் ஓடிய வீடியோவில் சிரித்தாள்: “ஓம், அண்ணைதான் வீடு பிடிச்சுத் தந்தவர். விலையும் அவர்தான் பேசினவர். வேண்டாம் வேண்டாம் எண்டவருக்கு, பால் காய்ச்சின அண்டு நாங்கள்தான் மோதிரம் போட்டு விட்டனாங்கள்.”

நிருஷா எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

“அண்ணை, இதை வேறை ஆருக்கும் காட்டினீங்களோ?”

“இல்லைப் பிள்ளை. இன்னும் ஒன்பது பேர் கதைச்சிருக்கினம். போடட்டோ?”

“போடாதேங்கோ! லைசென்ஸ் இல்லாமல் தரகு பார்க்கிறது இஞ்சை குற்றம். இது அனுபவச் சான்றில்லை, ஒப்புதல் வாக்குமூலம். அதுவும் மோதிரத்தோடை.”

சிவநேசம் விரலை மடியில் ஒளித்தார்.

“அப்ப எந்த அனுபவம்தான் செல்லும்?”

“லைசென்ஸோடை வேலை செய்த அனுபவம்.”

“லைசென்ஸ் உள்ளவன் ஏன் பிள்ளை லைசென்ஸ் கேட்கிறான்?”

“வேறை மாகாணத்திலை எடுத்தவன் கேட்பான்.”

பைத்தியம் தெளிந்தால்தான் கலியாணம், கலியாணம் முடிந்தால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதையாக இருந்தது. ஆனாலும் பேரம் பேசாமல் எழும்பி அவருக்குப் பழக்கமில்லை.

“சரி, பத்து வீடு வேண்டாம். அஞ்சைப் போடுவம்.”

“அஞ்சு குற்றம்.”

“மச்சானுக்கு எடுத்த ஒண்டையாவது?”

“அண்ணை, முழுப் படிப்பையும் படியுங்கோ. முடியுமட்டும் ஒருத்தருக்கும் வீடு பார்க்கப் போகாதேங்கோ. பிடிபட்டால் லைசென்ஸை மறக்கவேண்டியதுதான்.”

வாழ்நாளில் முதன்முறையாகத் தன் சரக்கைத் தானே பூச்சியத்துக்கு இறக்கிவிட்டு வெளியே வந்தார். இலாபமா நட்டமா என்பதே பிடிபடவில்லை.

நிருஷாவைப் பார்க்க வெளி அறையில் காத்திருந்த இளம் தம்பதி துள்ளி எழுந்தது. “சிவநேசம் அண்ணைதானே? நீங்கள் வந்து பார்த்தால்தான் வீடு சரிவரும் எண்டு எல்லாரும் சொல்லினம்.”

“எனக்கு உதிலை ஒண்டும் தெரியாது, தம்பி. இனித்தான் படிக்கப் போறன்.”

மனைவி கணவனின் காதில் சொன்னது அவருக்கும் கேட்டது: “பார்த்தீங்களே, என்ன தன்னடக்கம்! இந்த மனுசனை விடக்கூடாது.”

சிவநேசம் மெட்ரோவை நோக்கி எட்டி நடந்தார். அவர்களும் பின்னால் எட்டி நடந்தார்கள்.