சந்தனத்தின் மேல் போட்ட பழி

1

இந்தக் கதையை நான் சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தேன். அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. பக்கத்து மேசையில் நாலு பேர் பேசியது காதில் விழுந்தது. கிள்ளானில் ஒரு பெண் புது மின்சாரக் கார் வாங்கிப் பூசை போட்டாளாம். ஐயர், சார்ஜ் போடும் ஓட்டைக்கும் சந்தனம் வைத்துவிட்டாராம். மறுநாள் பேரங்காடியில் இருக்கும் விரைவுச் சார்ஜரின் கேபிளைச் செருகினாளாம். சார்ஜரே செத்துப்போனதாம். மேசை குலுங்கியது. எனக்கும் ரசம் மூக்கில் ஏறியது.

வீட்டுக்கு வந்து எழுதிய முதல் வரி:

புனிதாவின் கார் சந்தனம் பூசிக்கொண்டு சாமியாகிவிட்டது. சாமிக்கு எதற்குக் கரண்டு என்று—

அங்கேயே நிறுத்தினேன். நான் லேசில் எதையும் நம்புகிறவன் இல்லை. நாலு பேர் சேர்ந்து சிரித்தால் இன்னும் நம்பமாட்டேன். மறுநாள் கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போய் விசாரித்தேன்.

2

மறுபடி ஆரம்பிக்கிறேன்.

புனிதாவுக்கு நாற்பத்து மூன்று வயது. போன் ஆப்பில் கூப்பிடுகிறவர்களைக் காரில் ஏற்றி இறக்குவது பிழைப்பு. இருப்பது அடுக்குமாடியில் நாலாவது மாடி. அங்கிருந்து கீழே நிற்கும் காருக்கு ஒயர் விட முடியாது. பேரங்காடிச் சார்ஜர் பக்கத்தில் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் பழைய காரை விற்றாள். அங்கே இரண்டு சார்ஜர்கள். ஒன்றைக் கறுப்பு பிளாஸ்டிக்கால் மூடி மாதக்கணக்காகிறது. மற்றது சார்ஜர் கம்பெனியின் ஆப்பில் பச்சையாகத் தெரிந்தது. பச்சை என்றால் ஓடுகிறது என்று அர்த்தமாம்.*

* புதிதாக எத்தனை சார்ஜர் திறந்தோம் என்று ரிப்பனோடு பேப்பரில் படம் போடுகிறார்கள். திறந்ததில் எத்தனை இன்றைக்கு ஓடுகிறது என்று ஒருவரும் படம் போடுவதில்லை.

பூசைக்கு மறுநாள் காலை பதினோரு மணி. காரில் ஒன்பது சதவீதம் சார்ஜ். புனிதா கேபிளைச் செருகினாள். திரையில் சிவப்பு. பிடுங்கி மறுபடி செருகினாள். அதே சிவப்பு. சார்ஜர் பெட்டியில் இருந்த எண்ணுக்குப் போன் அடித்தாள். ஒரு மணி நேரம் கழித்துக் கம்பெனியின் பழுது பார்க்கும் ஆள் வந்தான். சதீஷ்குமார், தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவன். கார் ஓட்டையின் மூடியைத் திறந்து டார்ச் அடித்தான்.

"மேடம், இது என்ன, மஞ்சளா?"

"சந்தனம்."

"இதுலயா வைப்பாங்க?"

"பெட்ரோல் ஊத்துற வாய் எங்கன்னு ஐயரு கேட்டாரு. இல்லைன்னேன். அப்ப கரண்டு போற வாயைத் தொறன்னாரு."

"டயருக்கு எலுமிச்சம்பழம்?"

"நாலுக்கும் வெச்சேன்."

"அதுல ஒண்ணும் பிரச்சினை இல்ல. வாரன்டில வராது."

படம் எடுத்துக்கொண்டான். பிறகு சின்ன பிரஷ்ஷால் துடைத்தான். சந்தனம் விளிம்பில்தான் இருந்தது, உள்ளே ஒரு பொட்டுகூட இல்லை. சுத்தமாக்கிச் செருகினான். சிவப்பு.

பின்னால் காத்திருந்த பந்திங் ஊர்க்காரர் கமலநாதனுக்குப் பொறுமை போய்விட்டது.

"நான் நேத்தும் வந்தேன் லா. இதே செவப்புதான். என் கார்ல சந்தனமும் இல்ல, சாம்பிராணியும் இல்ல. ரோசாக், ரிப்பேர்னு ஒரு தாள் எழுதி ஒட்டினா உங்க கம்பெனிக்குக் கை வலிக்குமா?"

அவர் காரையும் கொண்டுவந்து செருகிப் பார்த்தார்கள். சிவப்பு.

சதீஷ்குமார் குரலைத் தணித்தான். "இந்தப் பெட்டி மூணு வாரமா இப்படித்தான். எழுதி அனுப்பிட்டேன்."

"அப்ப ஆப்ல ஏன் பச்சை?"

"அது என் கையில இல்ல மேடம்."

3

இரண்டு நாளில் புனிதாவின் போனுக்குச் செய்தி வந்தது. கம்பெனியின் எந்தச் சார்ஜரிலும் இனி அவள் கணக்கு வேலை செய்யாது. காரணம், அந்நியப் பொருளை வைத்து இயந்திரத்தைப் பழுதாக்கினாள். அத்தாட்சி, சந்தனத்தின் படம். கீழே நிரப்பி அனுப்ப ஒரு பாரம். அதில் ஒரே வரி: பழுதுக்கு நானே காரணம். பக்கத்தில் ஒரு கட்டம். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் டிக் போட்டால் கணக்கு திறக்கும். போடாவிட்டால் நிரந்தரமாக மூடிவிடுவார்கள்.

வேறு கம்பெனிச் சார்ஜர் ஒன்று தூரத்தில் இருக்கிறது. அங்கே வரிசையில் நின்றால் பாதி நாள் போய்விடும். பாதி நாள் ஓட்டி அவளால் பிழைக்க முடியாது.

சதீஷ்குமாருக்குப் போன் அடித்தாள். "நீதானே பாத்தே. ஒரு வார்த்தை சொல்லேன்."

"அக்கா," என்றான். மேடம் போய்விட்டது. "என் பெர்மிட்டே கம்பெனி பேர்லதான் இருக்கு. டிக் போட்டுடுங்க. யாரு பாக்கப் போறா?"

"நான் பாப்பேன்லா."

(முதல் பிரதியில் இவன் கையில் தங்கக் காப்பும் வாயில் பொய்யும் வைத்து வில்லனாக்கியிருந்தேன். அடித்துவிட்டேன். பயந்தவனை வில்லனாக்கினால் நிஜ வில்லனுக்குக் கொண்டாட்டம்.)

4

இனி முடிவு. பேப்பரில் ஞாயிறு பக்கம் பார்க்கிற பரமேஸ்வரனிடம் போனில் கதையைச் சொன்னேன்.

"சிரிப்பா முடிங்கண்ணே. டிக் போட்டுட்டு, அடுத்த காருக்குச் சந்தனமே வேணாம் ஐயரேன்னு அவ சொல்ற மாதிரி. நம்ம ஆளுங்க நல்லா சிரிப்பாங்க."

"யாரைப் பாத்து?"



சந்தனம் வைத்தது அசட்டுத்தனம்தான். அவளே சொல்கிறாள். ஆனால் மூன்று வாரமாகச் செத்துக் கிடந்த பெட்டியை முதல்நாள் வைத்த சந்தனம் எப்படிக் கொல்லும்? நான் ஆறாவதோடு நின்றவன், எனக்கே இடிக்கிறது. நாம் அசடுகள் என்று முதலிலேயே முடிவு கட்டினால்தான் அந்தப் பழி பொருந்தும். அந்த முடிவைக் கம்பெனிக்கு நம் ஆட்களே சாப்பாட்டு மேசையில் கட்டிக் கொடுத்தார்கள். நானும்தான்.

இரண்டாவது முடிவு: அவள் வழக்குப் போட்டாள், வென்றாள், கம்பெனி முதலாளி மன்னிப்புக் கேட்டு மாலையோடு— வேண்டாம். இந்த வயதுவரை அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

மூன்றாவது: கமலநாதன் சாட்சி சொன்னார். இது நடந்தது. அவர் சிவப்புத் திரையை வீடியோ எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பினார். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது. அதோடு சரி. இதை முடிவு என்று எப்படிச் சொல்வது?

5

இன்று வியாழன். நாளை ஐந்து மணி. மத்தியானம் அவளைப் பார்க்கப் போனேன். அந்தத் தூரத்துச் சார்ஜர் வரிசையில் மூன்று மணி நேரம் நின்றுவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள்.

"அங்கிள், உங்க கதையில நான் என்ன செய்றேன்?"

"தெரியல. அதைக் கேக்கத்தான் வந்தேன்."

போனை எடுத்து அந்தக் கட்டத்தைப் பார்த்தாள். விரலை அதற்கு மேலேயே வைத்துக்கொண்டு பேசினாள்.

"நாளைக்குப் போட்டாலும் போடுவேன். வயித்துக்கு ரோஷம் தெரியாது. ஆனா போட்டேன்னு நீங்க எழுதாதீங்க. அது பொய். அவங்க பாரத்துல கெடக்கட்டும், கதையில வேணாம்."

எழுதவில்லை. எழுதவும் மாட்டேன். பரமேஸ்வரனுக்குப் பிடிக்காவிட்டால் பக்கத்தைக் காலியாக விடட்டும். அந்த வரியை மட்டும் அப்படியே இங்கே இறக்கி வைக்கிறேன்:

பழுதுக்கு நானே காரணம். [     ]

பேனா உங்களிடம் இருக்கிறது. டிக் போடுகிறவர் பக்கத்தில் தன் பெயரை எழுதிவிட்டுப் போடவேண்டும். புனிதா என்பது நான் வைத்த பெயர். அவள் பெயரை நான் தரமாட்டேன்.