ஐந்து மணிக்குள் ஒரு பதில்

"உனக்கு அப்படி என்னடி அவசரம், அவனும் வரட்டுமே?" என்று அம்மா கேட்டது போன ஞாயிற்றுக்கிழமை, துவைத்த துணியை மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், ஏதோ கடைக்குப் போகும்போது அண்ணனையும் கூட்டிக்கொண்டு போ என்பதுபோல. நானும் ஒரு தலையணை உறையை எடுத்து நான்காக மடித்து வைத்தேன்... மடிக்கத் தெரிகிறது, வாயைத் திறக்கத் தெரியவில்லை. இதோ இப்போது பயிற்சி விமானத்தின் கதவைத் திறந்துபோட்டு, கொட்டகைத் தரையில் மண்டிபோட்டு, என்னிடம் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளும் பல் டாக்டர் எடுத்த வாந்தியைப் பழைய பல் பிரஷ்ஷால் சுரண்டிக்கொண்டிருக்கும்போதும் அதே கேள்விதான் ஓடுகிறது, மணி நாலேகால், ஐந்துக்குள் விமானக் கம்பெனிக்கு எழுத வேண்டும், திங்கட்கிழமை தொடங்கும் புது பைலட்டுகள் வகுப்பில் சேர்கிறேனா இல்லையா, ஒரே ஒரு வார்த்தை. இல்லையென்றால் அடுத்த வகுப்பு பதினொரு வாரம் கழித்துத்தான். பதினொரு வாரத்தில் அண்ணனுக்கும் கம்பெனி கேட்கிற ஆயிரத்து ஐந்நூறு மணி நேரம் பறந்து முடிந்துவிடும், இரண்டு பேரும் ஒன்றாகப் போய்ச் சேரலாம், ஒரே மாதிரி வெள்ளைச் சட்டை, ஒரே மாதிரி தொப்பி, நடுவில் அம்மா நிற்க ஒரு போட்டோ. அந்தப் போட்டோவை நினைத்தாலே எனக்குக் குமட்டுகிறது, வாந்திகூட அவ்வளவு குமட்டவில்லை.

வாந்தி பரவாயில்லை, வாந்தி பொய் சொல்லாது, காலையில் முட்டை சாப்பிட்டேன் என்றால் முட்டைதான். பாவம் அந்த டாக்டர், கையில் பிளாஸ்டிக் பையோடுதான் வந்தார், வலது பக்கம் திரும்பும்போது பையும் அவரும் வேறு வேறு பக்கம் சாய்ந்துவிட்டார்கள், பாதி பையில், மீதி இருக்கைக்கும் பெல்ட் பூட்டுக்கும் நடுவில். இறங்கியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தினம் பத்து பேர் வாயைத் திறந்து பாக்கறவன் நான், இன்னிக்கு என் வாயை நீங்க பாத்துட்டீங்க மேடம்" என்றார், நான் சிரித்தேன், சிரித்தபோது புளித்த வாடை மூக்கில் ஏறியது. இருபது மணி நேரம் பறந்துவிட்டார், இன்னும் தனியாக அனுப்பும் அளவுக்கு வரவில்லை. சமையல் சோடாவைக் கொட்டி ஊறவிட்டு, இருக்கை நகர்கிற தண்டவாளத்தின் பல் இடுக்குகளில் பிரஷ்ஷை விட்டு இழுத்தால் மஞ்சளாக வருகிறது, போன வாரத்து வாந்தியா இன்றையதா... யாருடையதாக இருந்தால் என்ன, சுரண்டுவது நான்தானே.

என்ன அவசரமா? அம்மாவுக்கு எப்படிச் சொல்வது? சேருகிற நாளில் ஒரு எண் கொடுப்பார்கள் அம்மா, சீனியாரிட்டி எண், ஓய்வு பெறுகிற வரைக்கும் அதுதான் நம் தலையெழுத்து. எந்த ஊரில் இருக்க வேண்டும், எந்தக் கிழமை லீவு, எப்போது வலது இருக்கையிலிருந்து இடது இருக்கைக்கு மாறி கேப்டன் ஆவது, எல்லாம் அந்த எண் வரிசைதான், திறமைசாலி என்றெல்லாம் யாரும் முன்னால் தள்ளிவிட மாட்டார்கள். பதினொரு வாரம் தள்ளிப்போட்டால் நாற்பது பேர் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார்கள், நாற்பது பேரும் முப்பது வருஷத்துக்கு என் முன்னாலேயே. இதை அம்மாவிடம் மனதுக்குள் ஒரு நூறு தடவை சொல்லியிருப்பேன். வானொலியில் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசும்போது எனக்குக் குரல் நடுங்குவதில்லை, அங்கே எந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள், வீட்டில் அப்படி யாரும் எழுதி வைக்கவில்லை. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டபோதும் அப்படித்தான், ஏன் என்று கேட்டார்கள், நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன், பிறகு வீட்டிலிருந்தே சத்தமில்லாமல் படித்துப் பரீட்சை எழுதி இங்கே வந்து சேர்ந்தபோது அண்ணன் எனக்குப் பூனை என்று பெயர் வைத்தான், அதுவே இங்கேயும் நிலைத்துவிட்டது.

மூன்று வாரமாகப் பூனைக்குப் பால் வார்க்கிறான். "என்ன பூனை, தனியா போய் என்ன பண்ணப் போற, புது ஊரு, புது ஆளுங்க, நீ வாயே திறக்க மாட்ட, நான் கூட இருந்தா நல்லதில்லையா?" நல்லதுதான் என்று எனக்கும் தோன்றியது, உண்மையாகவே தோன்றியது, அதுதான் இப்போது அருவருப்பாக இருக்கிறது. இன்று பன்னிரண்டு மணிக்கு, பதில் எழுதுவதற்கு முன்னால் எதற்கும் கேட்டுவைப்போம் என்று கம்பெனியின் சேர்க்கைப் பிரிவுக்குப் போன் செய்தேன். ஒரே வகுப்பில் சேர்கிறவர்களுக்குள் யாருக்கு முதல் எண் என்று கேட்டேன். போனை எடுத்த பெண், "வயசுல பெரியவங்களுக்கும்மா, பிறந்த தேதிதான்" என்றாள். சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். என் விண்ணப்பத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள்போல, "போன மாசம் ஒருத்தர் இதையேதான் கேட்டார், அவர் அப்பா பேரும் உங்க அப்பா பேரும் ஒண்ணுதான், அண்ணனா? நானும் தங்கச்சியும் ஒண்ணா சேர்ந்தா யாரு முன்னாடின்னு கேட்டார். பாசமான அண்ணன்மா உனக்கு." பாசம்! ஒன்றரை வயசு மூத்தவன், போன மாதமே கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகுதான் சேர்ந்தே சேரலாம் என்று ஆரம்பித்திருக்கிறான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுதால்கூட இவ்வளவு ஈரமாக அழாது. நான் திங்கட்கிழமை போய்விட்டால் ஒருநாள் நான் கேப்டனாகி இடது பக்கம் உட்கார, அவன் வலது பக்கம் உட்கார்ந்து நான் சொல்வதைச் செய்ய வேண்டியிருக்கும், அந்த ஒரு நாளுக்குப் பயந்துகொண்டு நாற்பது பேரை என் தலைக்கு மேல் ஏற்றிவிடத் துணிந்திருக்கிறான். அம்மாவுக்கும் தெரிந்திருக்குமா... தலையணை உறை மடித்த அந்தக் கை, நிமிராத அந்த முகம்... வேண்டாம், அதை யோசிக்க வேண்டாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால் என்னை முன்னால் தள்ளியவனே அவன்தான். இரண்டு பேரும் இங்கே ஒரே நாளில்தான் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தோம், மாணவர்களைப் பிரித்துக்கொள்ளும்போது கெட்டிக்காரர்களையெல்லாம் அவன் எடுத்துக்கொண்டான், வாந்தி எடுப்பவர்கள், இறங்கும்போது கண்ணை மூடிக்கொள்பவர்கள், இடது எது வலது எது என்று கையைப் பார்ப்பவர்கள் எல்லாம் எனக்கு. "பூனைக்குப் பொறுமை ஜாஸ்தி" என்றான், எல்லாரும் சிரித்தார்கள். அவனுடைய கெட்டிக்காரர்கள் சீக்கிரமே கற்றுக்கொண்டு தனியாகப் பறக்கப் போய்விட்டார்கள், அவர்கள் தனியாகப் பறக்கும் நேரம் அவன் பெயரில் ஏறாது, அவன் கீழே நின்று வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். என்னுடைய மக்குகள் என்னை விடவே இல்லை, நாற்பது மணி, ஐம்பது மணி, ஒவ்வொரு மணியும் பக்கத்தில் நான், ஒவ்வொரு மணியும் என் பெயரில். அப்படித்தான் அவனைவிட நூற்றைம்பது மணி முன்னால் வந்தேன். அவன் தள்ளிவிட்ட அழுக்கின்மேல் ஏறி நின்றிருக்கிறேன், இது உயரமா, குப்பைமேடா?

"இன்னுமா கழுவற? நாத்தம் வாசல் வரைக்கும் வருது" என்று அவன் குரல், திரும்பிப் பார்த்தால் மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நிற்கிறான், இஸ்திரி போட்ட சட்டை, அவன் சட்டையில் இதுவரை யாரும் வாந்தி எடுத்ததில்லை. "அந்த மெயிலுக்குப் பதில் போட்டியா பூனை? அடுத்த வகுப்புல வரேன்னு ஒரு வரி போதும். உனக்குக் கூச்சமா இருந்தா நான் டைப் பண்ணித் தரேன்." கையுறையைக் கழற்றினேன். விரல்களெல்லாம் ஊறிப்போய் வெளுத்திருந்தன. என்ன சொல்வது என்று யோசிக்கவில்லை, அதுவாகவே வந்தது, "ஒண்ணா சேர்ந்தா நம்பர் எப்படிண்ணா குடுப்பாங்க?"

"யாருக்குத் தெரியும்? சீட்டு குலுக்கிப் போடுவாங்களா இருக்கும்." கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "உனக்கே முதல்ல விழுந்தாலும் விழும், உன் அதிர்ஷ்டம்" என்று சிரிக்கவேறு செய்தான்.

போனை எடுத்தேன், சேர்கிறேன் என்று அடித்தேன், அனுப்பினேன், நாலு ஐம்பது. "அனுப்பிட்டேன். திங்கட்கிழமை சேர்றேன். நம்பர் வயசுப்படியாம், போன மாசமே உனக்குச் சொன்னாங்களாம்." கோபுரத்தோடு பேசுகிற குரலில் சொன்னேன், நடுங்கவில்லை. அவன் விரல்கள் மூக்கிலிருந்து மெதுவாக இறங்கின, காதுமடல் சிவந்தது, சின்ன வயசிலும் மாட்டிக்கொண்டால் காதுதான் முதலில் சிவக்கும், ஒரு நொடி எனக்கு அவன் எட்டு வயசுப் பையனாகத் தெரிந்தான். சீ என்று அவனைப் பார்த்துத்தான் நினைத்தேன், ஆனால் அந்தச் சீ அவன்மேல் போய் நிற்கவில்லை... ஏனென்றால் நம்பர் எப்படிக் குடுப்பாங்க என்று கேட்டுவிட்டு அவன் வாயைத் திறப்பதற்குள் இருந்த அந்த இடைவெளியில் நான் வேண்டிக்கொண்டிருந்தேன், பொய் சொல்லு, பொய் சொல்லு என்று. வயசுப்படிதான் பூனை, நீ முன்னாடி போறது எனக்குப் பொறுக்கலை என்று அவன் உண்மையைச் சொல்லியிருந்தால், நான் காத்திருந்திருப்பேன். பதினொரு வாரமும் காத்திருந்திருப்பேன், அந்தப் போட்டோவிலும் நின்றிருப்பேன், எனக்கு என்னைத் தெரியும். அவன் பொய் சொன்னபோது நெஞ்சுக்குள் இனிப்பாக ஏதோ இறங்கியதே, அதற்கு என்ன பெயர்? அவனுக்கு என் எண் வேண்டியிருந்தது, எனக்கு அவன் பொய் வேண்டியிருந்தது, இதில் யார்...

"அண்ணா" என்று கூப்பிட்டேன், எதற்கென்று தெரியவில்லை. அவன் என்னைப் பார்த்தான், விமானத்தைப் பார்த்தான், சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டான். பிறகு திரும்பி, தரையில் தேங்கியிருந்த தண்ணீரைச் சுற்றிக்கொண்டு, கொட்டகைக் கதவைத் தாண்டி வெயிலுக்குள் நடந்து போனான்.